மறைமலையார் பெயர் தாங்கிய ஊரில் ஆங்கிலம்

நம் பங்குகளில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. பங்கு மன்றக் கூட்டங்களிலும் அன்பியக் கூடுகைகளிலும் பெற்றோர் அதனை எழுப்புகின்றனர். "கோவில் வளாகத்தில் உள்ள மன்றம் மாலை வேளைகளில் பூட்டித்தானே கிடக்கிறது, சாமி? நம் பிள்ளைகளுக்கு அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஓர் ஏற்பாடு செய்யக்கூடாதா?" என்பார் ஒருவர். உடனே மற்றொருவர் எழுந்து, "ஆங்கிலத்துக்கு ஊரெல்லாம் இடம் இருக்கிறது, கோவிலிலாவது தமிழ் இருக்கட்டும்" என்பார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆகவேதான் இவ்வினாவை நேர அட்டவணைச் சிக்கலாகக் கருதி ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. ஏழை ஒருவனுக்கு ஆங்கிலம் கற்பிப்பது அவனுக்கு நாம் செய்யும் நீதியா? அல்லது, ஆங்கிலம் அறியாதவனை இழிவாக நோக்கும் ஓர் உலகின் அளவுகோலுக்கு நாமும் தலைவணங்குவதா? இதனைச் சற்றே பொறுமையாகச் சிந்திப்போம்.

பெயரும் ஊரும்

நம் மறைமாவட்டத்தின் தொழில்முனைகளுள் ஒன்றான மறைமலை நகருக்கு அப்பெயர் வந்த வரலாறே இவ்வினாவுக்கு நல்ல தோற்றுவாய் ஆகும். 1876இல் நாகப்பட்டினத்தில் வேதாசலம் என்னும் பெயரோடு பிறந்தவர் மறைமலையடிகள். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணிபுரிந்து, பின்னர்ப் பல்லாவரத்தில் குடியேறி, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்து, தம் வடமொழிப் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர் அவர். அவர் வாழ்ந்த பல்லாவரத்தையும், அக்கல்லூரி 1937இல் இடம்பெயர்ந்த தாம்பரத்தையும் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில், காட்டாங்குளத்தூரை அடுத்து அவர் பெயர் தாங்கிய நிலையம் வருகிறது. அங்கு இறங்கிச் செல்லும் இளைஞர் பலரின் பையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தன்விவரக் குறிப்பு இருக்கும். அதில் எழுதியிருப்பதைத் தம் வாயால் சொல்லத் தெரியவில்லையே என்னும் அச்சமும் அவர்களுள் பலருக்கு இருக்கும்.

தனித்தமிழின் தந்தை பெயர் கொண்ட ஊரில் ஆங்கிலத்துக்கு இத்தனை ஏக்கமா என்று நகைப்போர் உளர். ஆயினும் அடிகளாரின் வாழ்வை அறிந்தோர் நகையார். நாகையில் வெசுலியன் மறைப்பணியாளரின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இணையான நான்காம் படிவத்தோடு முறையான கல்வி நின்றுபோன அவர், தம் சொந்த உழைப்பால் ஆங்கிலத்தில் ஆழ்ந்த புலமை பெற்றார். தம் தமிழ் நூல்கள் சிலவற்றுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை வரைந்தார். ஆங்கில இதழும் நடத்தினார். 'சிந்தனைக் கட்டுரைகள்' என்னும் அவரது நூல் அடிசன் என்னும் ஆங்கிலக் கட்டுரையாளரைத் தழுவியது. 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் புதினம் ரெயினால்ட்ஸ் என்பவரின் ஆங்கிலக் கதையைத் தழுவியது. அவர் அரிதின் தேடித் தொகுத்த நூல்களைக் கொண்டு, அவர் மறைந்தபின் 1958இல் அவர் பெயரால் சென்னையில் ஒரு நூலகம் எழுந்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? தமிழ்ப் பற்றும் ஆங்கிலப் பயிற்சியும் ஒரே உள்ளத்தில் பகையின்றி வாழ முடியும். அடிகளார் தமிழில் ஆங்கிலம் கலப்பதை மறுத்தார். ஆங்கிலம் கற்பதை மறுக்கவில்லை. கலப்பும் கற்பும் வெவ்வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். நாமோ பல வேளைகளில் இவ்விரண்டையும் தலைகீழாக்குகிறோம். நம் பேச்சில் பாதி ஆங்கிலச் சொற்கள். ஆனால் ஒரு பத்தி ஆங்கிலம் பிழையின்றி எழுத வராது. இரு மொழிக்கும் இழப்பே மிஞ்சுகிறது.

யாருடைய மொழி?

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் இத்தொழிற்பாதையில் ஆங்கிலம் எவ்வாறு வழங்குகிறது என்பதைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பான உண்மை தெரியவரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்துகளை உற்பத்தி செய்துவரும் ஹூண்டாய் கொரிய நாட்டு நிறுவனம். ஒரகடத்தில் 2010இல் தொடங்கப்பெற்ற ஆலை பிரெஞ்சு நிறுவனமான ரெனோவும் சப்பானிய நிறுவனமான நிசானும் இணைந்து நிறுவியது. 2012இல் அங்கே சரக்குந்து உற்பத்தியைத் தொடங்கிய டைம்லர் செருமானியர்களுடையது. அவர்களோடு பணிபுரிய ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். கொரியப் பொறியாளரும் நம் ஊர் மேற்பார்வையாளரும் ஆங்கிலத்தில் உரையாடும்போது, அம்மொழி இருவருள் எவருக்கும் தாய்மொழி அன்று. இருவரும் அதைப் பள்ளியில் கற்றவர்கள், இருவரும் தடுமாறுகிறவர்கள்.

ஆகவே, ஆங்கிலம் தெரியாமை நம் ஒருவருக்கு மட்டும் உரிய குறைபாடு என்று எண்ணி நாணுவதற்கு இடமே இல்லை. இங்கே ஆங்கிலம் பொதுக் கிணற்றடியில் கிடக்கும் கயிற்றைப் போன்றது. எவர் வேண்டுமாயினும் எடுத்து நீர் இறைக்கலாம்; எவரும் அதைத் தம் குலப்பெருமை என்று சொல்லிக்கொள்ள இயலாது.

ஆனால், அக்கயிறு எட்டாதவன் தாகத்தோடு நிற்கிறான் என்பதும் உண்மை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பயிற்சி முடித்து, கைத்திறனில் எவர்க்கும் குறையாத ஓர் இளைஞன், நேர்காணலில் தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேச இயலாமல் திரும்பி வருகிறான். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த பெண், தான் கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அறியாள். எத்தனை நாள் முன்னறிவிப்பில் தன்னை நீக்கலாம், பிடித்தம் எவ்வளவு, விடுப்பு எத்தனை என்பதெல்லாம் அவளுக்கு எட்டாத எழுத்துகள். ஆலைகள் வருகின்றன; போகவும் செய்கின்றன. மறைமலை நகரில் 1990களின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோர்டு ஆலையிலிருந்து 2022ஆம் ஆண்டில் கடைசி மகிழுந்து வெளிவந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. இத்தகைய நாள்களில் பணியிழந்த ஒருவருக்கு, மீண்டும் விண்ணப்பம் எழுதவும், ஈட்டுத்தொகை பற்றிய தாளைப் படித்துப் பொருளறிந்து கேள்வி கேட்கவும் மொழி வேண்டும். அவ்வேளையில் ஆங்கிலம் அணிகலன் அன்று, கேடயம். ஏழையின் கையில் கேடயம் கொடுப்பது அறச்செயலே என்பதில் நமக்கு ஐயம் வேண்டா.

நாவை அளக்கும் கோல்

அவ்வாறாயின் இரண்டாவது எழுந்து பேசியவரின் மனக்குறைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அதனைத் திருவிவிலியமே நமக்கு உணர்த்துகிறது.

நீதித்தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கொடிய நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. கிலயாதியர் யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, தப்பியோடிவரும் எப்ராயிமரை அடையாளம் காண ஒரு சோதனை வைத்தனர். ஒரே ஒரு சொல்லை ஒலிக்கச் செய்தனர். அச்சொல்லின் முதலெழுத்தை எப்ராயிமரின் நாவு வேறுவிதமாக ஒலித்தது. அங்கேயே அவர்கள் வெட்டப்பட்டனர். அவ்வாறு மாண்டோர் நாற்பத்திரண்டாயிரம் பேர் என்கிறது திருநூல். இரு குலத்தாரும் ஒரே இறைவனை வணங்கிய இஸ்ரயேலர். இருவர்க்கும் ஒரே மொழி. வேறுபாடு ஒலிப்பில் மட்டுமே இருந்தது.

தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவையும் நினைத்துப் பார்ப்போம். அவர் கலிலேயர் என்பதை அவரது பேச்சே காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். எருசலேமின் நகரத்தார்க்கு வடபுலத்து மீனவரின் பேச்சு நகைப்புக்கும் ஐயத்துக்கும் உரியதாயிருந்தது. திருச்சபையின் முதல் தலைவர் 'சரியான உச்சரிப்பு' இல்லாதவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இன்றைய நேர்காணல் அறைகளில் யாரும் வாளெடுப்பதில்லை. ஆயினும், பணிக்கு வேண்டிய அறிவைச் சோதிப்பதற்கு மாறாக நாவின் ஒலிப்பைச் சோதித்து ஆளை ஒதுக்கும்போது, யோர்தான் துறையில் நின்ற காவலின் சாயல் அங்கே விழுகிறது. எந்திரத்தை இயக்குவதற்கு ஆங்கிலம் எவ்வளவு தேவையோ அவ்வளவைக் கேட்பது நியாயம். அதற்கு மேல் கேட்பது, பெரும்பாலும் இவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான், இவன் தந்தை என்ன செய்தார் என்பதை அறியும் மறைமுக வழியே. குலம் கேட்க வெட்கப்படுபவர்கள் ஆங்கிலம் கேட்கின்றனர். அதனை நாம் ஏற்கலாகாது.

இக்கோலை நம் இல்லங்களிலேயே நாம் ஏந்தி நிற்பது அதனினும் வருந்தத்தக்கது. குழந்தை தமிழில் பேசினால் அதட்டும் தாய்மாரைக் காண்கிறோம். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைத்தால், "எனக்குத் தமிழ் வாசிக்க வராது, ஃபாதர்" என்று நாணமின்றிச் சொல்லும் பிள்ளைகளைக் காண்கிறோம். அருகில் நிற்கும் பெற்றோர் முகத்தில் பெருமிதத்தையும் காண்கிறோம். பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரன் அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் வாளாவிருக்கும் இல்லத்தில், நம்பிக்கை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எந்த வழியே கடந்து செல்லும்?

பாரம் யார் தோளில்?

பெந்தக்கோஸ்து நாளின் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் மொழிகளின் அற்புதம் என்று மட்டும் சொல்லிச் சென்றுவிடுகிறோம். அவ்வற்புதம் எத்திசையில் நிகழ்ந்தது என்பதையும் நோக்க வேண்டும். பார்த்தர், மேதியர், எகிப்தியர், உரோமையர் எனப் பல நாட்டார் அங்கே கூடியிருந்தனர். தூய ஆவியார் நினைத்திருந்தால் அவர்கள் அனைவர்க்கும் கலிலேய மொழியைப் புரியவைத்திருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. பேசியவர்களின் நாவுதான் மாறியது. கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்டனர். செய்தியைத் தம்மிடம் கொண்டிருப்போரே, அது இல்லாதாரின் மொழிக்கு இறங்கிச் செல்ல வேண்டும் என்னும் இறையியல் இதனுள் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் நற்செய்தி வேரூன்றியதும் இவ்வழியேதான். முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார், பரதவ மக்களைப் போர்த்துக்கீசியம் கற்கச் சொல்லவில்லை. தாமே தமிழ் கற்றார். தமக்குப் பின்வருவோர் கற்பதற்காகத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்துகளில் அச்சிடச் செய்தார். புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை யாத்தார். புதிதாக வரும் மறைப்பணியாளர்க்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். பின்னர் லுத்தரன் திருச்சபையின் பெப்ரீசியுஸ் 1779இலும், அமெரிக்க மறைப்பணியாளர் வின்சுலோ 1862இலும் தமிழ்–ஆங்கில அகராதிகளை வெளியிட்டனர். இன்று நாம் ஆங்கிலம் கற்கப் புரட்டும் அகராதிகளின் மூதாதையர் இவை. அந்நியர் தமிழ் கற்கப் பட்ட பாட்டின் பயனை, ஆங்கிலம் கற்கும் நாம் நுகர்கிறோம்.

திருச்சபையும் தன் வழிபாட்டில் இதனையே செய்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. இலத்தீன் அறியாத மக்களைக் குறை கூறாமல், தானே அவர்களை நோக்கி நடந்தது.

உலகியல் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் புரிந்துகொள்ளும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமும் பணி விதிகளை அவ்வாறே இரு மொழியில் வைக்கப் பணித்திருந்தது. இச்சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் வந்துவிட்டாலும், அவற்றின் பின்னிருந்த அறக்கருத்து பழமையாகிவிடவில்லை. ஒருவனுடைய உடலுக்கும் ஊதியத்துக்கும் தொடர்புடைய செய்தியை அவன் மொழியில் சொல்வது, சொல்பவரின் கடமை. "ஆங்கிலம் தெரியாதது உன் குற்றம்" என்று கூறி அக்கடமையிலிருந்து எவரும் விலகிவிட முடியாது. ஆலைகளில் மனிதவளத் துறையிலும் மேலாளர் பொறுப்பிலும் இருக்கும் நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் இதனைத் தம் மனச்சான்றின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்தவர்க்கு ஒடியாவில் ஓர் அறிவிப்பு ஒட்டுவதும் இக்கடமையுள் அடங்கும்.

இவ்வாறு பாரம் இரு தோள்களிலும் இருக்கிறது. வலியவர் இறங்கி வரவேண்டும். எளியவர் ஏறிச் செல்லவும் உதவி பெறவேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடலாகாது. திருத்தூதர் பவுல் எருசலேமில் கைதான போது, ஆயிரத்தவர் தலைவனிடம் கிரேக்கத்தில் பேசித் தம்மை விளக்கினார், அடுத்த நொடியில் திரும்பி, கொதித்து நின்ற தம் மக்களிடம் அவர்கள் மொழியில் பேசினார், கூட்டம் அமைதியுற்றது. அவரிடம் இரு மொழியும் இருந்தன. ஒன்று அதிகாரத்தின் முன் தற்காப்புக்கு. மற்றொன்று தம்மவரின் உள்ளத்தைத் தொடுவதற்கு. நம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டுவதும் இதுவே.

கற்பதற்கு ஏற்ற கருவிகள்

இனி, கற்பிப்பதென முடிவுசெய்தால் எவ்வாறு, எவற்றைக் கொண்டு என்பதும் அறம் சார்ந்த வினாவே. ஏழையின் நேரமும் பணமும் அரியவை. அவற்றை வீணாக்குவது சிறு பிழை அன்று.

முப்பது நாளில் ஆங்கிலம் என்று வாக்களிக்கும் நூல்கள் நம் பேருந்து நிலையக் கடைகளில் நெடுங்காலமாக விற்கின்றன. 'ரேபிடெக்ஸ்' போன்ற தடித்த நூல்கள் எத்தனையோ இல்லங்களில் முதல் இருபது பக்கங்கள் மட்டும் கசங்கிய நிலையில் உறங்குகின்றன. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவற்றால் துணிவு பெற்றோரும் உளர். ஆயினும், இத்தனை நாளில் என்னும் வாக்குறுதி நிறைவேறாத போது, வாசகன் நூலைக் குறைசொல்வதில்லை. "என் மூளைக்கு ஏறாது" என்று தன்னையே பழித்துக்கொள்கிறான். ஏழைக்குள் இருக்கும் தாழ்வுணர்வை மேலும் உறுதிப்படுத்தும் எந்தக் கருவியும் நல்ல கருவி அன்று.

மொழி மெதுவாகவே வரும். புனித எரோணிமுஸ் எபிரேயம் கற்றதை எண்ணுவோம். இலத்தீன் இலக்கியத்தின் இனிமையில் திளைத்த அவர், பாலைநிலத்தில் யூத மரபிலிருந்து வந்த துறவி ஒருவரிடம் அகரவரிசை பயிலும் சிறுவனாக அமர்ந்தார். மனம் தளர்ந்து பலமுறை விட்டுவிட்டதையும் மீண்டும் தொடங்கியதையும் தம் மடலில் அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். புனித அகுஸ்தீனாரோ, தாம் சிறுவயதில் கிரேக்கத்தை வெறுத்ததற்குக் காரணம் ஆசிரியரின் தண்டனையும் அச்சுறுத்தலும் என்றும், இலத்தீனை அச்சமின்றிச் செவிலியரின் கொஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே கற்றதாகவும் தம் 'ஒப்புதல்கள்' நூலில் கூறுகிறார். உழைப்பும் வேண்டும், அச்சமின்மையும் வேண்டும். கேலி செய்யும் கூட்டத்தின் முன் எந்த நாவும் திறவாது.

அடுத்து, ஆங்கிலம் கற்பதற்குத் தமிழனிடம் உள்ள முதற்கருவி தமிழே. 'போனேன்' என்னும் ஒரு சொல்லில் சென்றவர் யார், எத்தனை பேர், எக்காலம் என்பதெல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆங்கில வினைச்சொல் அவ்வாறு காட்டாது. ஆகவே அங்கே 'நான்' என்பதை முன்னே வைத்தே தீரவேண்டும். நாம் வினையை இறுதியில் வைக்கிறோம். அவர்கள் எழுவாயை அடுத்து வைக்கின்றனர். நம்மிடம் 'ஏ', 'தி' போன்ற சுட்டுச்சொற்கள் இல்லை. ஆகவே அவற்றில் நாம் தவறுவது இயல்பு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக அறிந்த மாணவனுக்கு இவற்றை ஒரு மாலையில் விளக்கிவிடலாம். அறியாதவனுக்கு ஓராண்டாயினும் கிளிப்பிள்ளைப் பாடமே. தாய்மொழி வழியே கற்பிப்பதே சிறந்ததென 1953இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்ததும் நினைவிற்கொள்ளத் தக்கது.

மூன்றாவதாக, சிலவே சொற்கள் போதும். ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930இல் 850 சொற்களைக் கொண்டே அன்றாடச் செய்திகளைச் சொல்லிவிடலாம் எனக் காட்ட முயன்றார். நம் துணைக்கண்டத்தின் வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்டு, இங்குள்ள பிள்ளைகளின் நிலையை நேரில் ஆய்ந்து, படிப்படியாகச் சொற்களைப் பெருக்கும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். மிகப் பயன்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியல் ஒன்றையும் 1953இல் வெளியிட்டார். நேர்காணலுக்கு அஞ்சும் நம் இளைஞனுக்குப் பெரிய இலக்கண நூலைவிட இத்தகைய சிறு பட்டியலும், எளிய கதைப்புத்தகமும், ஒரு லிப்கோ அகராதியும் உடனடிப் பயன் தரும்.

நான்காவது கருவி ஏற்கெனவே நம் இல்லத்தில் இருக்கிறது. எளிய ஆங்கிலத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரையும் கருத்திற்கொண்டு மொழிபெயர்க்கப்பட்ட 'குட் நியூஸ் பைபிள்' 1976இல் முழுமையாக வெளிவந்தது. மாற்கு நற்செய்தியைத் தமிழில் ஓர் அதிகாரம், பின்பு அதில் அதே அதிகாரம் என வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கதை நாம் அறிந்ததே. ஆகவே அறியாத சொல்லின் பொருளும் தானே விளங்கும். இதற்கு ஆசிரியர் கட்டணம் இல்லை. கைப்பேசி இன்று மொழிபெயர்த்துத் தருகிறது, உச்சரித்தும் காட்டுகிறது. சுற்றறிக்கையைப் புரிந்துகொள்ள அது பெருந்துணை. எனினும் மேலாளரின் முன் நின்று, "இது எனக்கு உரியது" என்று சொல்லும் துணிவை அது தராது. துணிவு, கூடிப் பேசிப் பழகுவதால் வருவது.

ஒரு மலைப்பங்கின் பள்ளி

இத்தாலி நாட்டில் பார்பியானா என்னும் சிற்றூர்ப் பங்கு ஒன்று உண்டு. மலைமேல், சாலை வசதியுமற்ற அவ்விடத்துக்கு 1954இல் அனுப்பப்பட்டவர் லொரென்சோ மிலானி என்னும் இளங்குரு. அரசுப் பள்ளிகள் தேர்ச்சியின்மை காட்டி வெளியேற்றிய உழவர் பிள்ளைகளை அவர் தம் இல்லத்தில் கூட்டினார். நாள்தோறும் செய்தித்தாளை அவர்களோடு வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து விளக்கினார். பிறமொழிகளும் அங்கே பயிற்றப்பட்டன. பிள்ளைகள் வெளிநாடுகளுக்குச் சென்று உழைத்துக்கொண்டே மொழி கற்றுத் திரும்பினர். செல்வன் மகனுக்கும் ஏழை மகனுக்கும் இடையிலுள்ள ஆழ்ந்த வேறுபாடு சொற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது அவரது உறுதியான கருத்து. 1967இல், அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்கு மடல்' என்னும் நூல் வெளியாகி, ஏழைகளை வடிகட்டி வெளியேற்றும் கல்விமுறையை நேருக்கு நேர் வினவியது. 2017இல் திருத்தந்தை பிரான்சிசு அம்மலையேறிச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

மிலானி இரண்டையும் ஒருங்கே செய்தார் என்பதே நமக்குப் பாடம். அளவுகோலைக் கேள்விக்குட்படுத்தினார், அதே வேளையில், அவ்வளவுகோலின் முன் நிற்கத் தம் பிள்ளைகளுக்குச் சொற்களையும் தந்தார்.

நம் இனத்திலும் அத்தகையோர் உண்டு. ஈழத்தில் 1913இல் பிறந்து, உரோமையில் இறையியல் பயின்ற சேவியர் தனிநாயக அடிகளார், ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவராயிருந்தும், குருவான பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்து தமிழை முறையாகக் கற்றார். 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழை நடத்தித் தமிழின் சிறப்பை உலக அறிஞர்க்கு உணர்த்தினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்றார். மறைமலையடிகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். தனிநாயக அடிகள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றார். இருவருக்கும் ஆங்கிலம் பணியாளாய் இருந்தது, எசமானாய் இருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே, பங்கு மன்றத்தில் எழுந்த இருவருக்கும் நாம் தரும் மறுமொழி இதுவாக இருக்கலாம். மன்றத்தின் கதவைத் திறப்போம். கிறித்தவர், கிறித்தவரல்லாதார் என்ற வேறுபாடின்றி, 'ஷிப்டு' முடிந்து வருவோர்க்கு ஏற்ற வேளையில் வாரம் மூன்று மாலைகள் போதும். ஒரு மேசையில் அகராதிகளும் எளிய நூல்களும் இருக்கட்டும். செய்தித்தாள் ஒன்று தமிழிலும் ஒன்று ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் தம் நேரத்தைத் தரட்டும். அங்கே முதற்பாடமாகப் பணி ஒப்பந்தத் தாள், ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதிப் படிவம், பாதுகாப்பு அறிவிப்பு ஆகியவை இருக்கட்டும். அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் போன்றவற்றின் பயனையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

அம்மன்றத்துக்கு விதி ஒன்றே ஒன்று வேண்டும்: பிழையாகப் பேசுபவரைக் கண்டு எவரும் சிரிக்கலாகாது. ஆங்கிலப் பிழைக்கு மட்டுமன்று, வடமாநிலச் சகோதரன் பேசும் தமிழின் பிழைக்கும் இது பொருந்தும். அவனும் நம் மொழியைக் கற்கப் பாடுபடுகிறான்; வேண்டுவோர்க்கு அதே மேசையில் தமிழும் கற்பிக்கலாம். ஆங்கிலம் அறிந்து தமிழ் வாசிக்க வராத நம் சொந்தப் பிள்ளைகளும் அதே விசிப்பலகையில் அமரட்டும். அங்கே எல்லாரும் ஏதோ ஒன்றை அறியாதவர். எல்லாரும் ஏதோ ஒன்றைக் கற்பிக்க வல்லவர்.

இல்லங்களில் பெற்றோர் ஒன்று செய்யலாம். இரவு குடும்ப செபம் தமிழிலேயே நடக்கட்டும். செபம் முடிந்தபின் அரைமணி நேரம் ஆங்கில வாசிப்பு நடக்கட்டும். பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன்படும் குடும்பங்கள், ஆங்கில வழிப் பள்ளியின் பெயர்ப்பலகை ஆங்கிலத்தைத் தந்துவிடாது என்பதை உணரட்டும். வாசிக்கும் பழக்கமே மொழியைத் தரும். அதனைத் தமிழில் பெற்ற குழந்தைக்கு அடுத்த மொழி எளிது.

பரவசப் பேச்சில் பெருமை கொண்டிருந்த கொரிந்து நகரத் திருச்சபைக்குப் பவுல் எழுதும்போது, யாருக்கும் விளங்காத மொழியில் பல்லாயிரம் சொற்களைவிட, பிறருக்கு அறிவூட்டும் ஐந்து சொற்களையே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். எத்தனை மொழி கற்றாலும் இந்த ஐந்து சொற்களுக்காகவே கற்போம். துணையற்ற ஒருவர்க்காகப் பேசவும், நமக்குரியதைப் பணிவோடும் உறுதியோடும் கேட்கவும், நம் முன்னோரிடமிருந்து பெற்றதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் பயன்படும் சொற்கள் எம்மொழியில் இருந்தாலும் அவை நல்ல சொற்களே. அவற்றைத் தேடும் நம் இளைஞர்க்கு இவ்வாண்டே நம் பங்குகளின் கதவுகள் திறக்கட்டும்.